கவுல் சூப் இழை: புதுப்பிப்பு

2025 மார்ச் 15 அன்று கார்டிஃபில் நடந்த ரக்பி ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 68-14 என வேல்ஸ் மண்ணைக் கவ்வியபோது, "அடுத்த வெற்றி வரும்வரை வீட்டில் கவுல் சூப் கிடையாது" என்று இங்கே சபதம் எழுதியிருந்தேன். (கவுல் என்பது ஆட்டுக்கறியும் காய்களும் போட்டு வேகவைக்கும் வேல்ஸ் நாட்டு சூப்.) அதன்கீழ் ஸ்க்ரம் (இரு அணி வீரர்களும் கோத்து நின்று முட்டித் தள்ளுவது) ஏன் சரிந்தது என்று தொடங்கிய சண்டை, சூப்பில் லீக்ஸை (வெங்காயத் தாள் போன்ற காய்) எப்போது போடுவது என்பதில் போய் நின்றது. பிறகு ஒருவர் தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிக் கேட்டார். அதற்கும் ஆறு பேர் பதில் எழுதினார்கள்!

சபதம் முடிந்தது. ஜூலை 12, கோபே நகரில் ஜப்பானை 31-22 என வென்றோம். தொடர்ந்து 18 தோல்விகளுக்குப் பிறகு! இங்கே அப்போது காலை நேரம். விசில் ஊதியதும் நேரே கறிக்கடைக்குப் போனேன்.

ஜூலை வெயிலில் கவுல் குடிப்பது பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் ஆட்டுக் கழுத்துக்கறியை எலும்போடு மூன்று மணி நேரம் வேகவிட்டு, உருளைக்கிழங்கு, கேரட் சேர்த்தேன். லீக்ஸில் பாதியை முதலிலும் மீதியை இறக்கும் முன்பும் போட்டேன். இரு கட்சிக்கும் சமரசம். மறுநாள் சூடாக்கியபோதுதான் சுவை கூடியிருந்தது, கெர்ஃபிலி என்ற வேல்ஸ் பாலாடைக்கட்டியோடு.

மிளகாய் போட்டாயா என்று கேட்டவருக்கு: ஒன்றே ஒன்று. மனைவியிடம் சொல்லவில்லை.

குழாய் இன்னும் ஒழுகுகிறதாம்.