வைரல் லோடு 180 என்று வந்திருக்கிறது, மாத்திரை கேட்கவில்லையா?

வைகைக்கரை:
அண்ணனுக்கு எச்ஐவி. ஏஆர்டி சென்டரில் (எச்ஐவிக்கு இலவச மருந்து கொடுக்கும் இடம்) டிஎல்டி என்ற கூட்டு மாத்திரை வாங்கி ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தவறாமல் போடுகிறார். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் டெஸ்டில், எப்போதும் ‘டார்கெட் நாட் டிடெக்டட்’ (வைரஸ் தென்படவில்லை) என்றுதான் ரிப்போர்ட் வரும், இந்த முறை 180 காப்பீஸ். அண்ணிக்கு நெகட்டிவ். ரிப்போர்ட் வந்ததிலிருந்து மனுஷன் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தைகளைக்கூடக் கிட்டே விடுவதில்லை. சென்டரில் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏன் பயமில்லை என்று யாராவது விளக்குங்களேன்.

லேப்_டெக்:
மருந்து தோற்றுவிட்டதோ என்று சந்தேகப்படவே ஒரு மில்லிக்கு 1000 காப்பீஸைத் தாண்ட வேண்டும். தாண்டினாலும் உடனே மருந்தை மாற்ற மாட்டார்கள், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று உட்கார வைத்துப் பேசி, மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். ஒரே ரத்தத்தை இரண்டு தடவை ஓட்டினாலே நம்பர் ஆடும், மூன்று மடங்குக்கு உள்ளே இருக்கிற வித்தியாசத்தை நாங்கள் ஏற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. காய்ச்சல் வந்திருந்தாலும் கொஞ்ச நாள் ஏறி இறங்கும். ரத்தத்தைக் கையாண்ட விதமும் ஒரு காரணம்: ஊதா மூடி டியூபில் எடுத்ததை 24 மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதி) பிரித்தாக வேண்டும். ஜெல் வைத்த டியூபென்றால் பிளாஸ்மாவை வேறு டியூபுக்கு மாற்றாமல் அப்படியே உறைய வைத்தால் போச்சு, ரத்தத்தில் இல்லாத வைரஸ் ரிப்போர்ட்டில் வந்து நிற்கும்.

தாம்பரம்_பழையவன்:
தம்பி, முதலில் அந்தத் தட்டை எல்லோர் தட்டோடும் வைக்கச் சொல்லுங்கள். வைரல் லோடு எவ்வளவு இருந்தாலும் தட்டு, டம்ளரில் எச்ஐவி ஒட்டாது. 1000-க்குக் கீழே இருந்தால் தாம்பத்தியத்திலும் தொற்றுகிற வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது. நான் 2004-ல் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் எச்ஐவிக்கு இலவச மாத்திரை தொடங்கின காலத்து ஆள். அப்போது எங்களுக்கு சிடி4 (எதிர்ப்பு சக்தி அணுக்களை எண்ணும் டெஸ்ட்) மட்டும்தான், மருந்து தோற்றது தெரிவதற்குள் உடம்பு பாதியாகிவிடும். எல்லோருக்கும் வருடா வருடம் வைரல் லோடு என்பது 2018-க்கு அப்புறம் வந்ததுதான், அதை மட்டும் விடவே கூடாது.

ஆலோசகர்_தென்மாவட்டம்:
வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாரா? சத்து மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
கேட்டுப் பார்த்தேன். நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் ஒரு சிரப் வாங்கி, ராத்திரி அந்த மாத்திரையோடு சேர்த்தே குடிக்கிறாராம். கொஞ்ச நாளாக இப்படித்தானாம்.

ஆலோசகர்_தென்மாவட்டம்:
அதை உடனே கவனியுங்கள். அந்த மாதிரி சிரப்பில் அலுமினியம், மெக்னீசியம் இருக்கும், அது டிஎல்டி மாத்திரையில் இருக்கிற டோலுடெக்ராவிர் மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. மாத்திரை போட்டு 2 மணி நேரம் போன பிறகுதான் சிரப், சிரப் முதலில் குடித்துவிட்டால் 6 மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை. இதனால்தான் 180 வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இப்படியே விட்டால் ஏறலாம். அடுத்த தடவை சென்டருக்குப் போகும்போது அந்த பாட்டிலையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், திரும்ப எப்போது டெஸ்ட் எடுப்பது என்று அவர் சொல்வார்.