பழைய பக்திமுறைக்குத் திரும்ப: எதில் தொடங்குவது, எங்கே சறுக்குகிறது

மன்னார்குடியிலிருந்து ஒரு கேள்வி

வேலை, வயல், பிள்ளைகள் என்று ஓடும் குடும்பத்தில் அந்தக் காலத்துக் கத்தோலிக்க பக்திமுறையை மறுபடி எடுக்க நினைத்தால் முதலில் எது? செபமாலையா, ஒருசந்தியா (ஒரே வேளை முழுச் சாப்பாடு உண்ணும் நோன்பு), ஒன்பது நாள் செபமான நவநாளா?

உபதேசியார், பூண்டிப் பக்கம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள் தம்பி. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மூன்று செபமாலை, நவநாள், மாதத்தின் முதல் வெள்ளி பக்தி, உத்தரியம் (கழுத்தில் அணியும் துணி அடையாளம்) என்று தொடங்குகிற வீட்டில் உயிர்ப்புப் பெருவிழாவான பாஸ்காவுக்குள் ஒன்றும் மிஞ்சுவதில்லை. முதலில் மூவேளை செபம். காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு. மூன்று வசனம், மூன்று ‘அருள் நிறைந்த மரியே’, ஒரு மன்றாட்டு. இரண்டு நிமிடம்தான், வரப்பில் நின்றே சொல்லலாம். பாஸ்கா காலத்தில் இதற்குப் பதில் ‘விண்ணக அரசியே’ என்ற செபம்.

ஒரு மாதம் அது நிலைத்த பிறகு வீட்டுச் செபமாலை. 53 மணி, நிதானமாகச் சொன்னால் 20 நிமிடம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வைத்தால் பிள்ளைகள் தூங்கிவிடும். நடவு நாட்களில் பெரியவர்களும்தான். விளக்கு வைக்கும் நேரமே சரி. இன்னொரு கோளாறு வேகம். முன்மொழிபவர் முடிக்கும் முன்னே மற்றவர்கள் ‘தூய மரியே’ என்று பாய்வார்கள். ‘இயேசு’ என்ற பெயரில் ஒரு மூச்சு நிறுத்துங்கள், வேகம் அடங்கும். பாட்டி ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்றும் பேரன் புதிய மொழியிலும் சொன்னால் திருத்த வேண்டாம், இரண்டும் ஒரே செபம். செபமாலையில் தியானிக்கும் நிகழ்வுகளில், வியாழனுக்குரிய ஒளி மறையுண்மைகள் 2002-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்தவை. பழைய மூன்று வரிசையோடு நிற்பவர் மீது குற்றமில்லை.

மறைக்கல்வி ஆசிரியை, கும்பகோணம்

அண்ணன் சொன்ன வரிசையில் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதை, எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். பல வருடம் விட்டுப்போனவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு செபங்களைக் கூட்டிக்கொண்டே போவது, முள்ளை எடுக்காமல் மருந்து தடவுவது போல. ஐந்து காரியங்கள் வேண்டும்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (பாவத்துக்காக வருந்துவது), இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்வது, அபராதம் (பாவத்துக்கான பரிகாரம்) தீர்ப்பது. சாவான (கனமான) பாவத்தின் வகையையும், நினைவுக்கு எட்டியவரை எத்தனை தடவை என்பதையும் சொல்ல வேண்டும். மறந்துபோனது மன்னிக்கப்படும், நினைவு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைத்தால் முழுச் சங்கீர்த்தனமும் செல்லாது.

அதிகம் சறுக்குவது மூன்றாவதிலும் ஐந்தாவதிலும். இரவோடு இரவாக அடுத்தவர் வயலுக்குப் போகும் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பியவர், நடவுக்காரப் பெண்களின் கூலியைப் பிடித்துக்கொண்டவர், மன்னிப்புக் கேட்டால் மட்டும் தீராது. ஈடு செய்தாக வேண்டும், கூலியைக் கையில் கொடுக்க வேண்டும்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் புறப்படும் முன் சொந்தப் பங்கிலேயே, கூட்டமில்லாத வாரநாளில் செய்துகொள்ளுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை அங்கே இருக்கிற நெரிசலில் பல வருடக் கணக்கை நிதானமாக அவிழ்க்க முடியாது.

மூன்றாம் சபை (இல்லறத்தாருக்கான பக்தி சபை) உறுப்பினர், திருவையாறு

ஒருசந்தி பற்றியும் கேட்டீர்கள். கட்டாயம் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும்வரை. சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயதிலிருந்து. தவக்காலம் வரும்போது நம் பக்கம் சம்பா அறுப்பு முடிந்து வயலில் உளுந்து, பயறு நிற்கும். வெயிலில் குனிந்து வேலை செய்பவர் முழுச் சாப்பாட்டை நண்பகலில் வைத்துக்கொண்டு, காலையும் இரவும் கொஞ்சம் கஞ்சி குடிக்கலாம். இரண்டும் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டு அளவுக்கு வரக் கூடாது. சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய்க்கு ஒருசந்தி வேண்டாம். இறைச்சியை விட்டுவிட்டு வஞ்சிரம் வாங்கி விருந்து வைத்தால் சட்டம் நிற்கும், தவம் போய்விடும்.

இன்னொன்று, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கற்றுத்தந்த தனிச் சோதனை. ஒரே ஒரு குற்றம், ஒரு நோட்டு. நாளுக்கு இரண்டு கோடு: ஒன்று நண்பகல்வரை, ஒன்று இரவுவரை. காலையில் பிரதிக்கினை, விழுந்த உடனே நெஞ்சில் கைவைத்து மனஸ்தாபம், இரண்டு வேளையும் எண்ணி, விழுந்த தடவைக்கு ஒரு புள்ளி. நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடுங்கள். புள்ளி குறையாவிட்டால் எந்த நேரத்தில் விழுகிறது என்று பாருங்கள். புறம்பேசுவது மாலை டீக்கடையில்தான் என்று தெரிந்தால், ஒரு மாதம் டீயை வீட்டிலேயே குடியுங்கள்.