எழுதி முடிச்சும் அனுப்பாம வெச்ச கதை: உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

செந்தூல் தம்பி:

2016ல நடந்தது, இன்னும் மனச அரிச்சிக்கிட்டே இருக்கு. சிறுகதைப் போட்டி, கடைசி நாள், கையில கொண்டு போய் குடுக்கணும். எட்டு மாசம் எழுதுன கதை, எங்கப்பாவப் பத்தி, ஒன்பது பக்கம். முரசு அஞ்சல்ங்கற தமிழ் சாப்ட்வேர்ல தட்டி, மூணு காப்பி பிரிண்ட் எடுத்து, பழுப்பு கவர்ல போட்டு வெச்சிருந்தேன். மூணரைக்கே ஆபீசுக்கு கீழ காடிய நிறுத்திட்டேன். ஏறிப் போய் குடுத்தா அஞ்சு நிமிஷ வேலை. கடைசியா ஒரு தடவ பாத்துருவோம்னு கவர பிரிச்சேன். மூணாம் பக்கம் நடுவுல ‘அப்பாவை பார்த்தான்’னு இருக்கு. ப் இல்ல. அம்பது தடவ படிச்சிருப்பேன், எப்படி கண்ணுல படாம போச்சுன்னு தெரியல. பேனாவால போட்டா அசிங்கமா இருக்கும், நடுவர் பாத்தோன ஓரமா தூக்கி வெச்சிருவாருன்னு ஒரு பயம். ஒண்ணு இருந்தா இன்னும் எத்தனையோன்னு மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சேன், ஆறாம் பக்கத்துல ‘சுவற்றில்’னு இருக்கு, ‘சுவரில்’னுல்ல வரணும். கை வேர்த்து பேப்பர் ஓரமெல்லாம் நெளிஞ்சி போச்சி. கார்டு அங்கிள் வந்து கண்ணாடிய தட்டுனாரு. “யாருக்கு வெயிட் பண்றீங்க தம்பி? மேல எல்லாம் மூடிட்டாங்களே.” மணி அஞ்சே கால். யாருக்கும் இல்ல அங்கிள்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன். அந்த கவர் இன்னும் அலமாரியில இருக்கு. அப்பா கூடத்தான் இருக்காரு, அப்படி ஒரு கதை இருக்கறதே அவருக்குத் தெரியாது.

உங்களுக்கும் இப்படி இருந்தா எழுதுங்க.

பட்டர்வொர்த் அக்கா:

தம்பி, எனக்கு பிழை பயம் இல்ல, சொல் பயம். அம்மா தீம்பாருக்கு, அதான் ரப்பர் தோட்டத்துக்கு, வேலைக்குப் போனத கதையா எழுதுனேன். நல்ல தமிழ்ல இருக்கணும்னு ஒவ்வொரு சொல்லா தேடித் தேடி மாத்துனேன். ‘இரப்பர்ப் பால் சேகரிக்கும் கிண்ணம்’னெல்லாம் எழுதி வெச்சிருந்தேன். வேலைக்குப் போக வர ஃபெரியில ஒக்காந்து அதையே திருத்துவேன், ரெண்டு வருஷம். ஒரு நாள் அம்மா முருங்கைக்கீர ஆஞ்சிக்கிட்டு இருந்தாங்க, சும்மாதான இருக்காங்கன்னு படிச்சிக் காட்டுனேன். கீரைய ஆயறது நிக்கவே இல்ல. கிண்ணம்னு வந்தப்ப மட்டும் நிமிந்து பாத்து, “அது என்னாம்மா கிண்ணம்? நாங்க மங்குன்னுதான் சொல்லுவோம்”னாங்க. அப்புறம் அவங்களே ஆரம்பிச்சிட்டாங்க, விடியக்காலையில ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக்கு நின்னது, காண்டா வாளி தோள்ல அழுத்துன தழும்பு, மழை வந்தா அன்னிக்கு பால் போச்சேன்னு ஒட்டுப்பாலையாவது பொறுக்கறது. நான் ரெண்டு வருஷமா எழுதுனதுல அதுல ஒரு வரி கூட இல்ல. அன்னிக்கு ராத்திரியே ஒக்காந்து மங்குன்னு மாத்தி, வாளிய உள்ள கொண்டு வந்து, மறுநாள் காலையில ஒரு பேப்பருக்கு அனுப்பிட்டேன், திரும்பப் படிக்கக்கூட இல்ல. நடுவுல ஒரு பத்திய வெட்டித்தான் போட்டாங்க. அம்மா அந்த பக்கத்த மடிச்சி சாமி மேடைக்கு கீழ வெச்சிருக்காங்க.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:

என்னுது சின்ன கதைதான். இருபத்து நாலு வரி கவிதை, எங்கம்மாவுக்கு. அவங்க படிச்ச ஒரே பேப்பர் தமிழ் நேசன். அதுல வரணும், அவங்க கையில குடுக்கணும்னு ஆச. கடைசி வரி மட்டும் சரியா ஒக்காரல. ஒரு ஞாயித்துக்கிழமைக்குன்னு எழுதுவேன், சனிக்கிழமை அடிச்சிருவேன். 1924லேர்ந்து வர்ற பேப்பர், எங்க போயிடப் போவுதுன்னு நெனப்பு. 2019 ஜனவரியோட நிறுத்திட்டாங்க. பிப்ரவரி மொத ஞாயிறு, லெபோ பாசார்ல வழக்கமா வாங்கற கடைக்குப் போறேன், நேசன் வெக்கிற எடம் காலியா இருக்கு, அந்த அட்டையில மட்டும் மை கறை. கடைக்காரர் என்னைப் பாத்து “வேற எதாச்சும் எடுத்துக்கிறீங்களா அண்ணே?”ன்னாரு. எடுக்கல. அம்மாவுக்கு அந்த கவிதைய நான் வாயால கூட சொன்னதில்ல. அவங்க இப்ப இல்ல.

ஓய்வு ஆசிரியர்:

எல்லாரும் எழுதுனத படிச்சேன், வருத்தமாத்தான் இருக்கு. ஆனா திரும்பப் படிக்காமலே அனுப்பிட்டேன்னு ஒருத்தங்க சொல்றத பாத்தா, பிழைய பெருசா எடுத்துக்க வேணாம்னு தோணிரும், அத நான் ஒத்துக்க மாட்டேன். மங்குன்னு எழுதறது வேற, ஒற்று விடறது வேற. தம்பி கண்டுபுடிச்சது சரிதான். இரண்டாம் வேற்றுமை ஐ வெளிப்படையா வந்தா வல்லினம் மிகும், அப்பாவைப் பார்த்தான். அந்தப் பையன், அங்கயும் மிகும். படித்த பையன், அங்க மிகாது. இதுல நெறைய பேரு எல்லா எடத்துலயும் ஒற்றப் போட்டு அள்ளி விடறாங்க, அதுவும் பிழைதான். நான் சொல்றது என்னன்னா, எழுதறப்ப இத பாக்கவே பாக்காதீங்க. எழுதி முடிச்சி ஒரு வாரம் பொட்டியில போடுங்க. எடுத்து சத்தமா படிங்க, நாக்கு எங்க தடுக்குதோ அங்க மட்டும் கோடு போடுங்க. கடைசி நாளைக்கு முந்தின நாளு, கடைசி நாளு இல்ல, முந்தின நாளு, நாவியில போட்டு சந்தி பாருங்க, வாணியில போட்டு எழுத்துப்பிழை பாருங்க, ரெண்டும் இணையத்துல இருக்கு. அது சொல்ற எல்லாத்தையும் நம்பாதீங்க, நம்ம பேச்சு வழக்கையும் அது பிழைன்னு சேப்பு காட்டும். அப்புறம் வேற ஒருத்தர்கிட்ட குடுங்க. நம்ம எழுதுனத நம்ம கண்ணு படிக்காது, மனசுல இருக்கறதத்தான் படிக்கும், அம்பது தடவ படிச்சும் தம்பிக்கு ப் தெரியாம போனதுக்கு அதான் காரணம். ரெண்டு தடவ திருத்தலாம், மூணாவது தடவ திருத்தறது கதைக்காக இல்ல, பயத்துக்காக.

என் அனுபவம்னு கேட்டா, முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்க கட்டுரைய சேப்பு மையில திருத்துனேன். நானா எழுதுன நாவல் ரெண்டு நோட்டுல இருக்கு. யாருகிட்டயும் குடுக்கல.

பட்டர்வொர்த் அக்கா:

சார், மரியாதையோட கேக்கறேன். இவ்ளோ வழி தெரிஞ்ச நீங்களே நோட்ட உள்ள வெச்சிருக்கீங்களே. தம்பி இலக்கணம் கேக்கல சார், காடிக்குள்ள ஒக்காந்திருந்த அந்த ஒண்ணே முக்கா மணி நேரத்த சொன்னாரு. நானும் ஸ்கூல்ல சேப்பு மை வாங்குனவதான். ஒரு கட்டுரையில எங்க ஆச்சி செத்தத எழுதிருந்தேன், கீழ ‘ஒருமை பன்மை கவனி’ன்னு மட்டும் இருந்திச்சி. அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் எழுதவே இல்ல.

எல்ஆர்டி வாசகி:

நான் சின்னப் பொண்ணு, எனக்கும் ஒண்ணு இருக்கு. ஃபோன்லயே ஒரு ஆப்ல தொடர்கதை எழுதுனேன், கிளானா ஜெயா லைன் ரயில்ல வேலைக்குப் போறப்ப நின்னுக்கிட்டே தட்டுவேன், மஸ்ஜித் ஜாமேக் வர்றதுக்குள்ள ஒரு பத்தி முடிஞ்சிரும். யாரும் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துலதான் போட்டேன். நாலாவது அத்தியாயத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தங்க “அக்கா, அவ அம்மாவுக்கு கால் பண்ணாளா இல்லையா, சொல்லுங்க, தூக்கம் வரல”ன்னு எழுதியிருந்தாங்க. அத பாத்தோன எனக்கு ஒரே நடுக்கம், ஒருத்தங்க நெஜமாவே படிக்கறாங்கன்னா இவ்ளோ மோசமாவா விட்டு வெக்கிறதுன்னு அந்த அத்தியாயத்த அப்படியே அழிச்சிட்டு புதுசா எழுதப் போனேன். அழிச்சதும் அதுக்கு கீழ இருந்த பேச்சு எல்லாம் சேந்து போயிருச்சி. அவங்க பேரு கூட எனக்கு ஞாபகம் இல்ல. புது அத்தியாயம் முன்னத விட நல்லாதான் இருக்கு, ஆனா அவங்க திரும்ப வரல. அவ அம்மாவுக்கு கால் பண்ணா. அத அவங்களுக்கு சொல்லணும்.

ஓய்வு ஆசிரியர்:

அம்மா, அந்த சேப்பு மைய நானும் போட்டிருக்கேன், எத்தனை பிள்ளைக்குன்னு தெரியல. நோட்டு மேசைக்கு வந்திருச்சி. வேற ஒண்ணும் இப்ப சொல்ல வரல.

செந்தூல் தம்பி:

கவர எடுத்துட்டேன். பேப்பர் மஞ்சளாயிருச்சி, ஓரம் இன்னும் நெளிஞ்சிதான் இருக்கு. மூணாம் பக்கம் அப்படியே தட்டறேன், எதையும் மாத்தல.

‘அப்பா ரயில்வே பட்டறையிலிருந்து வந்ததும் கையைக் கழுவ மாட்டார். நேராக மகனின் கணக்கு நோட்டைத்தான் எடுப்பார். அவருக்குக் கணக்கு தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் கிரீஸில் ஒரு பெருவிரல் இருக்கும். வகுப்பில் அதைப் பார்த்து சிரித்தார்கள். அன்று மாலை அவன் நோட்டை ஒளித்து வைத்தான். வெறும் கையோடு நின்ற அப்பாவை பார்த்தான்.’

ஆயர் ஈத்தாம் அண்ணன்:

தம்பி, அந்த நோட்டு இப்பவும் இருக்கா?