தம்பிக்கு மேனேஜர் கேட்கும் 40 சதவீதம்: எல்விஸ் கதை உண்மையா?

நன்னிலத்து அண்ணன்:

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு 20 வயது, திருவாரூரில் கல்லூரி கடைசி வருடம். சின்னப் பையனாக இருந்ததிலிருந்தே மாரியம்மன் கோவில் திருவிழாவில் பாடுவான். இரண்டு வருடமாகத் தானே எழுதி, மெட்டுப் போட்டு யூடியூபில் ஏற்றுகிறான். போன சித்திரையில் நடவு மெட்டில் ஒரு பாட்டுப் போட்டான், பிய்த்துக்கொண்டு போனது. இப்போது பூந்தோட்டம், பேரளம், குடவாசல் என்று ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர் மேனேஜராக இருக்கிறேன் என்று வந்திருக்கிறார். ஏழு வருட ஒப்பந்தம். வருமானத்தில் 40 சதவீதம் அவருக்கு. சேனலும் பாட்டு உரிமையும் அவர் கம்பெனிக்கு. கையில் மூன்று லட்சம் அட்வான்ஸ். குறுவை கைகொடுக்காத வருடம், சொசைட்டிக் கடன் வேறு நிற்கிறது, அதனால் அப்பா வாங்கிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. 40 அதிகம் இல்லையா என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "எல்விஸ் பிரெஸ்லியோட மேனேஜர் பாதி வாங்கினார் சார், எல்விஸ் என்ன கெட்டா போயிட்டார்?"

எல்விஸ் அந்தக் காலத்து அமெரிக்கப் பாடகர் என்பது மட்டும் தெரியும். இது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடவாசல் கீபோர்டு:

பாதி வாங்கியதும் உண்மை, கெட்டதும் உண்மை. மீதியை மைக்செட் மாமா வந்து சொல்லட்டும், அவர் எல்விஸ் பைத்தியம்.

மைக்செட் மாமா, நாகை:

பைத்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பெரியப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார். ரஜூலா கப்பலில் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த ரெக்கார்டுகளில் ஒன்று எல்விஸ். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டில் விடிகாலை பக்திப் பாட்டுப் போடவேண்டிய நேரத்தில் அதைப் போட்டு, பெண்ணின் தாய்மாமனிடம் அடி வாங்கியவன் நான். 41 வருடம் மைக்செட் நடத்திவிட்டு, முழங்கால் போனதால் இப்போது மகனிடம் விட்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மேனேஜர் பெயர் டாம் பார்க்கர். கர்னல் என்பார்கள். அது பட்டாளத்தில் வாங்கிய பதவி இல்லை, 1948-ல் லூசியானா கவர்னர் சும்மா கொடுத்த பட்டம். ஆள் ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சியில் வளர்ந்தவர். நம்மூரில் மரணக் கிணறு நடத்துகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை எப்படி உள்ளே இழுப்பது என்பது அவருக்குக் கைவந்த கலை.

அவரால் நன்மையே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். 1955-ல் எல்விஸ் மெம்பிஸில் சின்னக் கம்பெனி ஒன்றில் பாடிக்கொண்டிருந்தார். 21 வயது நிறையவில்லை, அதனால் பார்க்கரோடு போட்ட ஒப்பந்தத்தில் அப்பா வெர்னனும் கையெழுத்துப் போட்டார். அதே வருடம் நவம்பரில் ஆர்சிஏ என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனி 35,000 டாலர் கொடுத்து எல்விஸை எடுத்துக்கொண்டது. மறு வருடம் எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் மூன்று முறை வர 50,000 டாலர். பார்க்கர் எல்விஸ் பெயரில் லிப்ஸ்டிக் விற்றார், பிடிக்காதவர்களுக்கு 'எல்விஸை வெறுக்கிறேன்' என்று பேட்ஜும் விற்றார். இரண்டு பக்கமும் காசு!

வினை அதற்குப் பிறகுதான். பட்டாளத்துக்குப் போய் 1960-ல் திரும்பி வந்தவரை சினிமாவில் தள்ளினார். முன்பு நடித்ததையும் சேர்த்து மொத்தம் 31 படம், வருடத்துக்கு மூன்று வீதம்கூட வந்தது, பெரும்பாலும் ஒரே அச்சு. 1961-க்குப் பிறகு ஏழு வருடம் எல்விஸ் ஒரு கச்சேரிகூடச் செய்யவில்லை. மேடையில் இடுப்பை ஆட்டியே பேர் வாங்கியவனை மேடையிலேயே ஏற்றவில்லை, எப்படி இருக்கும்? 1968-ல் ஒரு டிவி நிகழ்ச்சி வந்தது. பார்க்கர் கிறிஸ்துமஸ் பாட்டாகப் பாடச் சொன்னார். டைரக்டர் மறுத்தார், எல்விஸ் டைரக்டர் பக்கம் நின்றார். கறுப்புத் தோல் உடுப்பில் பழைய பாட்டுகளைப் பாடியதில் போன மானமெல்லாம் திரும்பி வந்தது. அப்புறம் என்ன, லாஸ் வேகஸ் ஹோட்டலில் கட்டிப்போட்டார்கள். 1969-லிருந்து 600 கச்சேரிக்கு மேல், ஒரு ராத்திரிக்கு இரண்டு காட்சி. அதே ஹோட்டலின் சூதாட்ட மேசையில் பார்க்கர் விட்ட பணம் கொஞ்சநஞ்சமில்லை.

பங்கு முதலில் 25 சதவீதம், அதுவே அப்போது அதிகம். 1967 ஒப்பந்தத்தில் சில வருமானங்களில் பாதிக்குப் பாதி. ஆனால் நன்னிலம் தம்பி, சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். மற்ற இரண்டைப் பாருங்கள்.

ஒன்று, 1973-ல் அதுவரை பாடியிருந்த பாட்டுகளுக்கு இனி ராயல்டி, அதாவது விற்க விற்க வரும் பங்கு, வேண்டாம் என்று ஆர்சிஏவுக்கு 54 லட்சம் டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதிலும் பார்க்கருக்குப் பாதி. நாலே வருடத்தில், 42 வயதில், எல்விஸ் போய்ச் சேர்ந்தார். பாட்டுகள் இன்றைக்கும் விற்கின்றன. விதைநெல்லை விற்றுச் சாப்பிட்ட கதை, உங்கள் அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு, எல்விஸ் அமெரிக்காவுக்கு வெளியே கச்சேரி செய்தது 1957-ல் கனடாவில் மட்டும். உலகமே கூப்பிட்டது. பார்க்கரோ ஹாலந்தின் பிரெடா ஊரில் பிறந்து, காகிதமில்லாமல் அமெரிக்காவுக்குள் வந்தவர், நிஜப் பெயரே வேறு. அமெரிக்க பாஸ்போர்ட் கிடையாது. அவர் வெளியே போக முடியாததால் எல்விஸும் போகவில்லை என்றுதான் பலரும் நம்புகிறார்கள், நானும்.

சொந்த அனுபவம் ஒன்று. ஒரு திருவிழாவில் மைக் பணம் வாங்கக் கமிட்டி மேசையில் உட்கார்ந்திருந்தேன். பாடகரின் ஏஜென்ட் என் கண் முன்னால் இருபதாயிரம் எண்ணி வாங்கினார். மேடைக்குப் பின்னால் பாடகர் என்னிடம் சொல்கிறார், "கோவில் காசு மாமா, எட்டாயிரம்தான் பேசியிருக்கு." நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கச்சேரிக்கும் அந்த ஏஜென்ட்தான் எனக்கு ஆர்டர் தரவேண்டும். அது இன்னும் உறுத்துகிறது.

நாயனக்காரர் பேரன், திருவிடைமருதூர்:

மாமா சொல்வதில் பாதிக்கு ஒத்து ஊதுகிறேன், பாதிக்கு மாட்டேன். 1968-ல் எதிர்த்து நின்று ஜெயித்த எல்விஸ் 1973-ல் ஏன் நிற்கவில்லை? குடும்பமும் கூட்டாளிகளும் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள், அவருக்கு எப்போதும் ரொக்கம் வேண்டியிருந்தது. செலவாளிக்கு மேனேஜர் எஜமானன் ஆகிவிடுவான். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பாதி பிடுங்க எந்தக் கர்னலும் இல்லை. ஆனாலும் கை நிறைய வாங்கியதைக் கை நிறையச் செலவழித்தவர் என்று எங்கள் தாத்தா சொல்வார்.

இன்னொன்று. எல்விஸ் பாடவேண்டுமென்றால் பாட்டு எழுதியவர் உரிமையில் பங்கு தரவேண்டும் என்பது பார்க்கர் தரப்பின் வழக்கம். சொந்தமாகப் பாட்டு எழுதும் அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் தன் பாட்டுக்கு அதை மறுத்தார். அழுதேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பல வருடம் கழித்து அதே பாட்டை விட்னி ஹூஸ்டன் பாடி, டாலிக்குக் கொட்டிக் கொடுத்தது. உங்கள் தம்பியும் சொந்தமாக எழுதுகிறவர். அவர் எல்விஸ் இடத்தில் இல்லை, டாலி இடத்தில் இருக்கிறார்.

மாயவரம் குமாஸ்தா:

வக்கீல் ஆபீஸில் இருப்பதால் இரண்டு வரி. பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் நம் சட்டப்படி 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். "என்றென்றும், உலகம் முழுவதும்" என்ற வார்த்தைகள் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவரின் ராயல்டிப் பங்குக்கு 2012 திருத்தத்தில் பாதுகாப்பு உண்டு. பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

நன்னிலத்து அண்ணன்:

எல்லோருக்கும் நன்றி. பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன், "என்றென்றும்" இருக்கிறது. மாமா சொன்ன பாஸ்போர்ட் விஷயமும் நெஞ்சில் தைத்தது. சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகன் பொங்கலுக்கு ஒரு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தான். "அங்கெல்லாம் நமக்கு ஆள் இல்லை, இப்போ வேண்டாம்" என்று இந்த மேனேஜர் சொல்லியிருக்கிறார். கையெழுத்தே ஆகவில்லை, அதற்குள்ளாகவா!

இரண்டு வருடம், 15 சதவீதம், சேனலும் பாட்டும் தம்பி பெயரில் என்று நேற்று போனில் சொல்லிவிட்டேன். ஆடிப்பெருக்கு கழித்துப் பேசுவோம் என்று வைத்துவிட்டார். அப்பா காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. விதைநெல் என்று சொன்னபோது மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

இன்று ராத்திரி கொல்லுமாங்குடியில் தம்பி பாடுகிறான். கமிட்டி மேசையில் நான் உட்காரப்போகிறேன், மாமா.