பழைய டீசல் பக்கி: டிரெய்லர் இழுக்கவும் உழவுக்கும் ஒரே வண்டி போதுமா?

டொங்காட் தோட்டக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டுக்கு மேற்கே, கரும்பு வயல்களுக்கு நடுவில், எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் நிலம் உள்ளது. அதில் கத்தரி, பச்சை மிளகாய், கொத்தமல்லி ஆகியவற்றோடு, இங்கு எல்லோரும் மதும்பி என்று அழைக்கும் சேப்பங்கிழங்கையும் பயிரிடுகிறோம். வாரம் இருமுறை டர்பனின் கிளேர்வுட் சந்தைக்குச் சரக்கு போகிறது. மாதம் ஒருமுறை பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரையும் போக வேண்டியிருக்கிறது. இதுவரை வாடகை வண்டியிலேயே அனுப்பி வந்தோம். இப்போது தகட்டில் அதிகபட்ச மொத்த எடை 1500 கிலோ என்று குறித்துள்ள ஒரு டிரெய்லர் கைக்கு வந்திருப்பதால், அதை இழுக்க ஒரு பழைய டீசல் பக்கி வாங்க எண்ணுகிறேன். (பிக்கப் வண்டியைப் பக்கி என்று சொல்வது ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களின் காதுக்கு வசவு போல ஒலிக்கும் என்பதை அறிவேன். ஆனால் இந்த நாட்டில் அதற்கு வேறு பெயர் சொன்னால் யாருக்கும் புரியாது.)

அமெரிக்கக் காணொளிகளில் இத்தகைய வண்டிகளின் முன்னால் பெரிய தகட்டைப் பூட்டிப் பனியை வழித்துத் தள்ளுகிறார்கள். அந்த வலு இருக்குமானால், பின்னால் ஒரு சிறு கலப்பையைப் பூட்டி உழவும் முடியாதா? என்னிடம் இரண்டு லட்சம் ராண்ட் இருக்கிறது. டொயோட்டா ஹைலக்ஸ் 3.0, இசுசு கேபி 300, ஃபோர்டு ரேஞ்சர் 3.2 ஆகிய மூன்று பக்கிகளையும் மனத்தில் வைத்திருக்கிறேன்.

கரும்புக்காட்டு ராஜா எழுதியது:

தம்பி, உழவு எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். நீங்கள் நினைப்பதையே நானும் ஒரு காலத்தில் நினைத்து, ஐந்து கொழுக்கள் கொண்ட கொத்துக் கலப்பையைப் பக்கியின் பின்னால் பூட்டி, மூன்றாம் நாள் கிளட்ச் கருகிய வாசனையோடு வண்டியைக் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தவன். சாலையில் டிரெய்லர் ஒருமுறை உருளத் தொடங்கிவிட்டால் அதை இழுக்கச் சிறிதளவு விசையே போதும்; மண்ணுக்குள் இறங்கிய கொழுவோ ஒவ்வொரு அடியிலும் முதல் அடியைப் போலவே எதிர்க்கும். டிராக்டரின் மும்முனை இணைப்பு கலப்பையின் எடையையும் மண்ணின் இழுப்பையும் பின்சக்கரத்தின் மேல் அமர்த்துகிறது. சால் ஆழமாகும்போது கலப்பையைத் தானே சற்று உயர்த்தவும் செய்கிறது. பக்கியின் இழுவைக் கொண்டியில் இவை எதுவும் கிடையாது. ஒரு கல்லில் கொழு மாட்டினால் அந்த அதிர்ச்சி முழுவதும் நேராகச் சேசிஸுக்குப் போகும்.

பனித் தகட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது தளர்ந்த பனியைத் தரையின் மேலேயே தள்ளுகிறது, மண்ணைப் பிளப்பதில்லை. அந்த வேலையைச் செய்யும் வண்டிகள் நம் பக்கிகளைவிடப் பெரியவை. அவற்றில் பலவற்றுக்கு முன்பக்கம் ஒரே துண்டான கனத்த அச்சு உண்டு. நம் பக்கிகளின் முன்சக்கரங்கள் தனித்தனியே தொங்குபவை என்பதால், முன்னால் சில நூறு கிலோ இரும்பைத் தொங்கவிட்டால் அவற்றின் மூட்டுகள் நெடுநாள் தாங்கமாட்டா. மேலும், நம் கடற்கரையில் பனி ஏது? 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டபோதுகூட, வழி திறக்கக் கனரக இயந்திரங்கள்தாம் வர வேண்டியிருந்தது.

என் யோசனை இதுதான். இரண்டு லட்சத்தையும் ஒரே வண்டியில் கொட்டாமல், சற்று மலிவான பக்கி ஒன்றையும், பழைய மாசி ஃபெர்குசன் 135 ஒன்றையும் தேடுங்கள். 1964இல் வெளிவரத் தொடங்கிய, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் என்ஜின் கொண்ட அந்த டிராக்டருக்கு இன்றும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. நான்கு ஹெக்டேருக்கு அதுவே தாராளம்.

பீனிக்ஸ் டீசல் பட்டறை எழுதியது:

ராஜா ஐயா உழவைப் பற்றிச் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் பக்கியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எண்களைப் பார்த்தால், 2016க்கு முந்தைய ஹைலக்ஸ் 3.0 டி-4டி 343 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. 2013க்குப் பிந்தைய கேபி 300 வண்டி 380 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஐந்து சிலிண்டர் ரேஞ்சர் 3.2 வண்டி 470 நியூட்டன் மீட்டர் தருகிறது. உங்கள் 1500 கிலோ டிரெய்லருக்கு இவற்றில் எதுவும் குறைவன்று. ஆகையால் எண்ணைப் பார்த்து வாங்காமல், உங்கள் முன்னால் நிற்கும் அந்த ஒரு வண்டி எப்படி வாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து வாங்குங்கள். இழுக்கும் எடை வரம்பு ஆண்டுக்கும் மாதிரிக்கும் ஏற்ப மாறுவதால், அதை விற்பவர் வாயிலிருந்து கேட்காமல் கையேட்டில் படியுங்கள்.

பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போது பானட் சூடாக இருந்தால், காலையில் கிளம்ப மறுக்கும் வண்டியை யாரோ உங்களுக்காக எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். கிளம்பியதும் வெண்புகை நீண்ட நேரம் நிற்கிறதா, என்ஜின் ஒரு சீராக ஓடாமல் தட்டுகிறதா என்று கவனியுங்கள். பிறகு எண்ணெய் மூடியைத் திறந்து, அங்கிருந்து காற்று குமுறி வருகிறதா என்று பாருங்கள். டீசலை உயர் அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கிவைக்கும் இந்தக் காமன் ரெயில் என்ஜின்கள் எல்லாவற்றிலும், பெரும் செலவு அந்த டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில்தான் இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரு டீசல் பட்டறையில் இன்ஜெக்டர்களுக்குக் கசிவுச் சோதனை செய்து கொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு இன்ஜெக்டரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஹைலக்ஸ் 3.0இல் இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செப்பு வளையம் கசிந்தால், எரிந்த கரி எண்ணெயில் கலந்து எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். அதே என்ஜின் டைமிங் பெல்ட்டில் ஓடுவது என்பதால், பெல்ட் மாற்றிய ரசீதையும் கேளுங்கள். ரேஞ்சரில் இ.ஜி.ஆர். குளிர்விப்பான் (என்ஜினுக்கே திருப்பி விடப்படும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) விரிசல் விட்டுக் குளிர்நீர் குறைவது தெரிந்த குறை. தொட்டியில் நீர்மட்டத்தைப் பாருங்கள்.

அடுத்தது துரு. கடற்கரையில் பிறந்து வளர்ந்த பக்கியைக் கீழே படுத்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. இழுவைக் கொண்டி பொருத்தப்பட்ட இடத்தில் புதுப் பெயின்ட் பளபளத்தால், அடியில் வெல்டு விரிசல் இருக்கக்கூடும் என்று ஐயப்படுங்கள். உயர்ந்த கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பாருங்கள். என்ஜின் சத்தம் ஏறி வண்டி வேகமெடுக்கவில்லை என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. கரும்புச் சாலைத் தூசியில் ஓடிய வண்டியா என்பதற்கு, காற்று வடிகட்டிக்குப் பின்னால் உள்ள குழாயை விரலால் துடைத்துப் பார்த்தாலே போதும்.

மற்ற இரண்டிலும் மேலே சொன்ன குறைகள் வரக்கூடும் என்பதால், உங்களுக்கு நான் பரிந்துரைப்பது கேபி 300. ஆனால் அதன் வேகத்தில் பெருமை பேச முடியாது. கேபினுக்குள் சத்தமும் கொஞ்சம் அதிகம்.

வெருலம் வாசகர் எழுதியது:

ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். டிரெய்லர் தகட்டில் 1500 கிலோ என்று இருப்பதால், அது காலியாகப் போனாலும் கோட் பி எனும் சாதாரண கார் ஓட்டுநர் உரிமம் போதாது. கோட் ஈபி வேண்டும். கோட் பி 750 கிலோ வரையிலான டிரெய்லருக்கு மட்டுமே. அந்த எடையைத் தாண்டிய டிரெய்லருக்குப் பிரேக்கும் கட்டாயம். வண்டி ஓட்டப் போவது யார்?

டொங்காட் தோட்டக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஓட்டப் போவது என் மருமகன். அவரிடம் இருப்பது கோட் பி தான். நாளையே தேர்வுக்குப் பதிவு செய்யச் சொல்கிறேன். டிரெய்லரின் பிரேக் கம்பி அறுந்து கிடப்பதையும் இப்போதுதான் குனிந்து பார்த்தேன். இன்னொரு கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து காலியாகத் திரும்புவோம் என்றாலும், போகும்போது பாரத்தோடு நீண்ட ஏற்றங்கள் உள்ளன. அதற்கு ஆட்டோமேட்டிக் நல்லதா?

பீனிக்ஸ் டீசல் பட்டறை எழுதியது:

ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் கருகும் பயம் இல்லை. ஆனால் கியர் எண்ணெய் சூடாகும். பழைய வண்டியில் அந்த எண்ணெயை யாரும் மாற்றியிருக்கமாட்டார்கள். உங்கள் தொகைக்கு மேனுவலே போதும். ஏற்றத்தில் ஐந்தாம் கியரில் திணறவிடாமல், முன்கூட்டியே நான்காம் கியருக்கு இறங்கச் சொல்லுங்கள். டிரெய்லரில் கிழங்கு மூட்டைகளை அச்சுக்குச் சற்று முன்னால் ஏற்றுங்கள். பின்னால் கனத்தால் இறக்கத்தில் வால் ஆடும்.

டொங்காட் தோட்டக்காரன் எழுதியது:

ஸ்டாங்கரில் 2014ஆம் ஆண்டு கேபி 300 ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆறரைக்கே போய் நின்று, முதலில் பானட்டைத் தொட்டுப் பார்க்கப் போகிறேன்.