ஆஃபரை ஒத்துக்கொண்ட பிறகு இன்னொரு இன்டர்வியூவுக்குப் போகலாமா?

கோட்டையூர்_திண்ணை:

வணக்கம். ஜாவா வேலை, ஒன்பது வருட அனுபவம். கடைசி நான்கு வருடமும் கான்ட்ராக்ட்தான், கோட்டையூரில் வீட்டிலிருந்தே. இப்போதைய கான்ட்ராக்ட் மே 31-ஆம் தேதி முடிகிறது. நீட்டிப்பு இல்லை என்று போன வாரம்தான் சொன்னார்கள். நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் ப்ரொஃபைலைப் புதுப்பித்த அன்று மாலையிலிருந்து போன் ஓயவில்லை.

முதல் ரெக்ரூட்டர் காட்டிய இடத்தில் இரண்டு சுற்றும் முடிந்துவிட்டது. மாதம் 1,10,000, வெண்டர் பே-ரோலில், அதாவது நடுவில் ஆள் அனுப்பும் கம்பெனியின் சம்பளப் பட்டியலில். வெள்ளிக்கிழமைக்குள் ‘சரி’ என்று மெயில் போடச் சொல்கிறார்கள். இரண்டாவது இடம் மாதம் 1,30,000, நானே இன்வாய்ஸ் (பில்) போட வேண்டும். கடைசிச் சுற்று அடுத்த செவ்வாய்க்கிழமை, சென்னையில் நேரில். விடிகாலைப் பல்லவன் ரயிலில் டிக்கெட்டும் போட்டுவிட்டேன். மூன்றாவது ஆள் கிளையன்ட் (வேலை வாங்கும் கம்பெனி) பெயரையே சொல்லாமல் சி.வி. கேட்டார், அரை மனதோடு அனுப்பினேன். வேலை விவரத்தைப் படித்தால் முதல் இடமேதானோ என்று சந்தேகமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ‘சரி’ போட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை ரயில் ஏறினால் தப்பா?

செக்காலை_ரோடு:

தப்பே இல்லை தம்பி. போடுங்கள், ஏறுங்கள்.

நான் 14 வருடமாகக் கான்ட்ராக்ட். ஒரு முறை உங்களைப் போலவே யோசித்து, வந்த ஆஃபரை மதித்து, இன்னொரு இடத்தில் நடந்துகொண்டிருந்த பேச்சை நானே நிறுத்தினேன். சேர வேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்னால் போன் வந்தது: ‘ரிக்வயர்மென்ட் ஹோல்டில் இருக்கிறது, பட்ஜெட் கையெழுத்தாகவில்லை.’ ஒரு வரி வருத்தம்கூட இல்லை. ஒன்றரை மாதம் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். விட்டுவிட்ட அந்த இன்னொரு இடத்தில் அதற்குள் வேறு ஆள் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து லேப்டாப் கைக்கு வரும்வரை எல்லாமே பேச்சுவார்த்தைதான் எனக்கு.

தேவகோட்டை_ரஸ்தா:

ஊர் தேவகோட்டை. சென்னையில் 11 வருடமாக ரெக்ரூட்டர் வேலை பார்க்கிறேன். அடிக்க வருபவர்கள் வரிசையில் வரவும்.

செக்காலை அண்ணே, உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அதைச் செய்தது கிளையன்ட். நீங்கள் பழி தீர்ப்பது நடுவில் நிற்கிற எங்களிடம். கிளையன்ட் வெண்டருக்குத் தருகிற பில் ரேட்டிலிருந்து உங்கள் ரேட் போக மீதிதான் வெண்டர் வரும்படி. அதுவும் நீங்கள் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிய பிறகுதான். அதுவரை எனக்கு இன்சென்டிவ் என்று ஒரு பைசா கிடையாது. நீங்கள் ‘சரி’ சொன்னதும் மற்ற ஆட்களிடம் ‘இடம் முடிந்தது’ என்று நான் சொல்லிவிடுவேன். அவர்களில் ஒருவர் உங்களைப் போலவே 31-ஆம் தேதியோடு வேலை முடிகிறவராக இருப்பார். சேருகிற நாள் காலையில் நீங்கள் போனை எடுக்காவிட்டால் எனக்கு முன்னால் அடி விழுவது அவருக்கு.

கோட்டையூர் தம்பி, நேராகச் சொல்லிவிடுங்கள்: ‘இன்னொரு இடத்தில் கடைசிச் சுற்று செவ்வாய்க்கிழமை, புதன் மதியம்வரை டைம் வேண்டும்.’ பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள்.

செக்காலை_ரோடு:

மீதிப் பாதி? அதையும் சொல்லுங்கள் ஆச்சி.

இன்னொரு இடம் இருக்கிறது என்று வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி என்னவென்று நமக்குத் தெரியாதா? ‘எந்தக் கம்பெனி? எந்த வெண்டர்? என்ன ரேட் பேசினீர்கள்?’ கவலையாகக் கேட்பதுபோல இருக்கும். வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டால் மறுநாளே அந்தக் கம்பெனிக்கு இவர்கள் ஐந்து சி.வி. அனுப்புவார்கள். எனக்குப் போட்டியாக ஆள் பிடிக்க நானே வழி காட்ட வேண்டுமா?

தேவகோட்டை_ரஸ்தா:

கேட்போம். மறுக்கவில்லை. எந்த இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதும் எங்கள் பிழைப்பில் ஒரு பகுதி. ‘அதைச் சொல்ல முடியாது மேடம்’ என்றால் விட்டுவிடுவோம். இன்னொரு இன்டர்வியூ இருக்கிறது என்று சொல்வது வேறு, அது எங்கே என்று சொல்வது வேறு. பின்னதை மறைத்தால் நான் கோபப்பட மாட்டேன்.

பள்ளத்தூர்ப்_பொண்ணு:

நீங்கள் இரண்டு பேரும் வெள்ளிக்கிழமையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த மூன்றாவது ஆளை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

திண்ணை, ஒரே கிளையன்டுக்கு இரண்டு வெண்டர் வழியாக உங்கள் சி.வி. போனால் என்ன ஆகும் தெரியுமா? அவர்கள் சிஸ்டத்தில் ‘டூப்ளிகேட்’ என்று காட்டும். முதலில் அனுப்பிய வெண்டருக்கே ஆள் சொந்தம் என்பதுதான் பொதுவான வழக்கம். ஆனால் வெண்டர்கள் சண்டை போட்டால் கிளையன்ட் மேனேஜர் பஞ்சாயத்துக்கெல்லாம் உட்கார மாட்டார். அந்த சி.வி.யை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். எனக்கே நடந்திருக்கிறது. இரண்டு சுற்று தாண்டியிருந்தேன், யார் என்னை இரண்டாவது தடவை அனுப்பினார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு ஒரு நோட்டு போட்டேன். எங்கள் ஐயா கடைக்கு வாங்கி எழுதாமல் விட்ட நீளக் கணக்கு நோட்டு, சிவப்பு அட்டை. தேதி, ரெக்ரூட்டர், வெண்டர், கிளையன்ட், சொன்ன ரேட், அடுத்த அழைப்பு என்று ஆறு கட்டம். கிளையன்ட் கட்டம் காலியாக இருந்தால் சி.வி. போகாது. பெயரைச் சொன்ன பிறகு, ‘இந்த வேலைக்கு மட்டும் உங்கள் வழியாக அனுப்பச் சம்மதம்’ என்று ஒரு மெயில். ரேட் கட்டத்துக்கு அவசியம் என்ன என்று கேட்காதீர்கள். ஒரு தடவை ஒருவரிடம் 95,000 என்றும் அவருடைய சகாவிடம் 1,05,000 என்றும் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

இதெல்லாம் இருந்தும் போன மாதம் ஒரே நாளில் மூன்று இன்டர்வியூ. அன்றைக்குப் பார்த்து மாதாந்திர மின்தடை, காலை 9 மணிக்கே கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் மதியத்தோடு சரி. முகப்பில் தூணோரம் மட்டும்தான் போன் சிக்னல் கிடைக்கும். ஆத்தங்குடி கல் பதித்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஹாட்ஸ்பாட்டில் மூன்றாவதற்குச் சேர்ந்தேன். கேட்டவர் ‘என்ன மேடம், ரிசார்ட்டில் இருக்கிறீர்களா?’ என்றார். சிரித்த சிரிப்பில் முதல் கம்பெனியின் பேமென்ட் ப்ராஜெக்டைப் பற்றி ஐந்து நிமிடம் இவரிடம் விளக்கிவிட்டேன். இவர்கள் லாஜிஸ்டிக்ஸ்.

சரி, என் கதை போகட்டும். அந்த மூன்றாவது ஆளுக்கு இப்போதே மெயில் போடுங்கள்: ‘என் சம்மதம் எழுத்தில் இல்லாமல் எந்த கிளையன்டுக்கும் அனுப்ப வேண்டாம்.’

வரவு_செலவு:

காரைக்குடியில் வரிக்கணக்கு பார்ப்பவன். தர்மம் எது என்று நீங்கள் பேசுங்கள், நான் 1,10,000-க்கும் 1,30,000-க்கும் வருகிறேன். அந்த 20,000 முழுசாக 20,000 அல்ல.

பே-ரோலில் லீவுக்குச் சம்பளம் உண்டு, பி.எஃப். உண்டு. முதலாளி பங்கு பி.எஃப். அந்த 1,10,000-க்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் உள்ளேதான். இன்வாய்ஸில் வேலை செய்யாத நாளுக்குக் காசு இல்லை. பொங்கல், காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் சேர்த்து ஒரு மாதம் போனால் வருடத்துக்கு 14.3 லட்சம். பே-ரோலில் 13.2 லட்சம். மருத்துவக் காப்பீடு உங்கள் கைச்செலவு. 45 நாள் கிரெடிட் (பில் போட்டு 45 நாள் கழித்துப் பணம்) என்று எழுதியிருந்தால் ஜூன் மாத வேலைக்கு ஆகஸ்ட் நடுவில்தான் பணம். இரண்டரை மாதம் வீடு ஓடுமா?

இன்னொரு பக்கம், வருட வரவு 20 லட்சத்துக்குக் கீழே என்பதால் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. வரவில் பாதியை வருமானமாகக் காட்டுகிற பிரிசம்டிவ் முறை ஐ.டி. தொழிலுக்கும் பொருந்தும். 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்தாலும், புதிய வரிமுறையில் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வந்துவிடும். கையில் ரொக்கம் இருப்பவனுக்கு இன்வாய்ஸ்தான் லாபம்.

செக்காலை அண்ணனுக்கு ஒரு வார்த்தை. ‘லேப்டாப் வரும்வரை பேச்சு’ என்பது சேருவதற்கு முன்புவரை ஓடும். சேர்ந்து பத்து நாளில் ஓடினால் பி.எஃப். கணக்கில் அந்தப் பத்து நாளும் பதிந்துவிடும். யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) ஒன்றுதான், அடுத்த பின்னணிச் சோதனையில் தேதி இடித்தால் பதில் சொல்ல வேண்டும்.

செக்காலை_ரோடு:

கிளம்புகிறவனை யார் தடுக்க முடியும்? ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு இருக்கிறதே. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.

வரவு_செலவு:

1872-ஆம் வருடச் சட்டத்தை எல்லாரும் பாதிதான் படிக்கிறார்கள். வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேராதே என்பதுதான் அதில் அடிபடும். 15 நாள் நோட்டீஸ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அதைக் கொடுக்காமல் கிளம்புவதற்கு 27 துணைக்கு வராது.

பர்மாப்_பெட்டி:

வயது 67. மகன் இந்தத் தொழிலில் இருப்பதால் படிக்கிறேன்.

எங்கள் ஐயா ரங்கூனில் ஒரு மார்க்காவில், அதாவது நகரத்தார் வட்டிக்கடையில், பெட்டியடிப் பையனாக (கடை எடுபிடியாக) சேர்ந்து அடுத்தாள் (ஏஜென்டுக்கு உதவியாள்) ஆனவர். கப்பல் ஏறும் முன்னால் சம்பளச் சீட்டு எழுதுவார்கள், மூன்று வருடக் கணக்கு. அது முடியாமல் அடுத்த கடைக்கார முதலாளியிடம் போய்ப் பேசினான் என்று தெரிந்தால் நகரத்தார் ஒன்பது கோயிலுக்கும் சேதி போய்விடும், அப்புறம் ஒருவன் வேலை தரமாட்டான். நீங்கள் வாரத்துக்கு மூன்று கடையில் பேசுகிறீர்கள்.

பள்ளத்தூர்ப்_பொண்ணு:

ஐயா, மன்னிக்கவும். அந்தச் சீட்டில் முதலாளியும் கட்டுப்பட்டார் இல்லையா? எங்கள் வீட்டிலும் இந்தக் கதை உண்டு. புறப்படும்போதே சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுச் செலவுக்கு முன்பணமாகக் கொடுத்துவிடுவார்களாம். திண்ணைக்கு ஜூன் மாதச் சம்பளத்தை எந்த வெண்டராவது இன்றைக்குக் கொடுக்கட்டும், நான் போய் அவர் டிக்கெட்டைக் கிழிக்கிறேன்.

பர்மாப்_பெட்டி:

கொடுத்தார்கள், வாஸ்தவம். ஆயா அதை வைத்துத்தான் மூன்று வருடம் ஓட்டினார். ஆனாலும் ‘சரி’ என்று எழுதுவதும் சீட்டுதானே? எழுதாமல் இருக்கட்டும், பேசிக்கொண்டு இருக்கட்டும். எழுதிவிட்டு ரயில் ஏறுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தேவகோட்டை_ரஸ்தா:

இதைத்தான் நானும் மூன்று பதிவாகச் சொல்கிறேன்.

செக்காலை_ரோடு:

நீங்கள் சொல்வது உங்கள் இன்சென்டிவுக்காக. ஐயா சொல்வது மனசிலிருந்து. இரண்டும் ஒன்றல்ல.

கோட்டையூர்_திண்ணை:

எல்லாருக்கும் நன்றி. மூன்றாவது ஆளுக்கு நேற்றிரவே மெயில் போட்டேன். காலையில் அழைத்துக் கிளையன்ட் பெயரைச் சொன்னார். முதல் இடமேதான். இன்று மதியம் அனுப்பவிருந்தாராம்.

பிறகு முதல் ரெக்ரூட்டரிடம் புதன் மதியம்வரை கேட்டேன். எந்தக் கம்பெனி என்று கேட்டார், சொல்ல முடியாது என்றேன். சிரித்தார். ஒரு மணி நேரம் கழித்து, ‘திங்கள் மாலை 5 மணி, அதற்குமேல் கிளையன்ட் ஒத்துக்கொள்ளவில்லை’ என்றார். இரண்டாவது ரெக்ரூட்டரிடம் செவ்வாய்ச் சுற்றைத் திங்களுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். மேனேஜர் லீவாம், அதற்கடுத்த வாரமாகக்கூடப் போகலாம் என்கிறார்.

வரவு_செலவு சொன்ன இரண்டரை மாதக் கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்தோம். வங்கியில் இருப்பது ஒன்றரை மாதத்துக்குத்தான். திங்கள்கிழமை முதல் இடத்துக்குச் ‘சரி’ போடப் போகிறேன்.

செக்காலை_ரோடு:

போடுங்கள். இரண்டாவது இடத்தில் மட்டும் ‘வரவில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். ஜூன் 1 காலையில் லேப்டாப் வந்த பிறகு சொல்லலாம்.

தேவகோட்டை_ரஸ்தா:

திங்கள் மாலையே சொல்லிவிடுங்கள் தம்பி. அந்த இன்னொரு ரெக்ரூட்டரும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர்தான்.

கோட்டையூர்_திண்ணை:

இன்னும் முடிவு செய்யவில்லை அண்ணே, ஆச்சி. பல்லவன் டிக்கெட்டையும் இன்னும் ரத்து செய்யவில்லை.