பெருக்க மரம் ஆஸ்திரேலியாவுக்கு எப்படிப் போனது?

மன்னார்க்காரன்:
எங்கள் ஊர் மன்னார். பள்ளிமுனையில் நிற்கிற பெருக்க மரத்தை (ஆங்கிலத்தில் பேயோபாப்) பார்க்க வருகிறவர்கள், இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்காமல் போவதில்லை. அரபு வியாபாரிகள் ஒட்டகத் தீனிக்காகக் கொண்டு வந்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டதையே நானும் சொல்லிவிடுவேன். போன வாரம் வந்த ஒருவர், இதே இனத்து மரம் ஆஸ்திரேலியக் காட்டில் தானாக நிற்கிறதே, அங்கேயும் ஒட்டகக்காரர்தான் நட்டாரா என்று மடக்கிவிட்டார். தேடிப் பார்த்தேன். மடகாஸ்கரில் 6 வகை, ஆப்பிரிக்காவில் 1, ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் 1. நடுவில் முழுக்கக் கடல். யாராவது விளங்கப்படுத்துங்கள்.

பாறைப்பித்தன்:
இதில் என்ன குழப்பம், எல்லாம் கோண்டுவானாதான். இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த ஒரே நிலம். குளோசோப்டெரிஸ் என்று ஒரு விதைத் தாவரம், இலை நாக்கு மாதிரி இருக்கும். அந்த இலை கல்லில் பதிந்து மேற்கு வங்கத்து ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்திலும் கிடைக்கிறது, தென்னாப்பிரிக்காவிலும் கிடைக்கிறது. 1912இல் தென்துருவம் போய்த் திரும்பும் வழியில் இறந்த ஸ்காட் குழு, நடக்கவே தெம்பில்லாத நிலையிலும் ஏறக்குறைய 16 கிலோ கல்லை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கடைசிக் கூடாரத்தின் பக்கத்தில் கிடைத்த அந்தக் கற்களிலும் இதே இலைதான். பனியைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு காலத்தில் காடு! உங்கள் மரமும் அப்படித்தான், நிலம் பிரிந்தபோது ஆளுக்கொரு துண்டில் போயிருக்கும்.

இலைக்கணக்கு:
பித்தரே, குளோசோப்டெரிஸ் கதை சரி, பெருக்க மரத்துக்கு அது ஒட்டாது. வயதைப் பாருங்கள். மடகாஸ்கர் ஆப்பிரிக்காவை விட்டு விலகியது சுமார் 16 கோடி ஆண்டுக்கு முன்னால். இந்தியா மடகாஸ்கரை விட்டுக் கிளம்பியதே சுமார் 8.8 கோடி ஆண்டுக்கு முன்னால். 2024இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வின்படி பெருக்க மர இனம் தோன்றியது மடகாஸ்கரில், சுமார் 2.1 கோடி ஆண்டுக்கு முன்புதான். வீடு பாகம் பிரித்து முடிந்து எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பங்கு கேட்கிற மாதிரி இருக்கிறது உங்கள் வாதம். ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது கடல்வழியாக, சுமார் 1.2 கோடி ஆண்டுக்கு முன்னால் என்கிறார்கள். மனிதன் என்ற ஆளே அப்போது கிடையாது. தெற்கு இந்தியப் பெருங்கடலின் நீரோட்டம் பெரிய வட்டமாகச் சுற்றுவது, அதில் மாட்டினால் போதும்.

பாறைப்பித்தன்:
அத்தனை நாள் உப்புத் தண்ணீரில் ஊறினால் விதை அழுகிவிடாதா?

கழற்சி:
அந்தச் சந்தேகம் டார்வினுக்கே வந்தது சார். 87 வகை விதைகளை உப்புத் தண்ணீரில் போட்டார், 28 நாள் கழித்து 64 வகை முளைத்தன. ஆனால் முளைத்தால் மட்டும் போதாதே, மிதக்கவும் வேண்டுமே. பழுத்த ஹேசல் கொட்டை போட்ட உடனே மூழ்கியது, அதையே காயவைத்துப் போட்டால் 90 நாள் மிதந்து பிறகு முளைத்தது. என்னைக் கேட்டால் விஷயமே அப்படிக் காய்வதில்தான் இருக்கிறது. நம் கழற்சிக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள், கல்லில் தேய்த்தால்கூட ஓடு லேசில் விடாது. அந்த விதை வெப்பக் கடல்களிலிருந்து ஸ்காட்லாந்துத் தீவுகள் வரை போய் ஒதுங்குகிறது, அங்கே அதைத் தாயத்தாகக் கட்டியிருக்கிறார்கள். குளிரில் முளைக்காது, அது வேறு. இதற்கு நேர்மாறு கடல்தேங்காய். பக்கிர்கள் கையில் வைத்திருக்கிற கப்பரை அதன் ஓடுதான். உயிருள்ள காய் கடலில் மூழ்கிவிடும், உள்ளே அழுகிக் காலியானதுதான் மிதந்து மாலத்தீவுக்கு வரும். அதனால்தான் அந்த மரம் இன்றும் செய்ஷெல்ஸில் இரண்டு தீவை விட்டுத் தானாக நகரவில்லை.

மன்னார்க்காரன்:
அடேயப்பா. அப்படியென்றால் எங்கள் மரமும் மிதந்தே வந்திருக்கலாமா? ஒட்டகக் கதையை விட்டுவிடவா?

இலைக்கணக்கு:
அவசரப்படாதீர்கள். ஆஸ்திரேலியா போனது அங்கேயே கிடந்து தனி வகையாகவே மாறிவிட்டது. உங்கள் ஊரில் நிற்பது ஆப்பிரிக்காவில் இருக்கிற அதே வகை, ராமநாதபுரம் பக்கம் பப்பரப்புளி என்கிறார்களே அதுவும் அதேதான். தனியாகப் பிரிந்து மாறும் அளவுக்குக் காலம் ஆகவில்லை, பழைய துறைமுகங்களை ஒட்டியே நிற்கிறது. ஆள் கொண்டு வந்தது என்பதுதான் பொருந்துகிறது. ஒட்டகத்துக்கா வேறெதற்கா என்பது தனிக் கதை.

மன்னார்க்காரன்:
சரி அண்ணா. மரத்தடியில் ஒரு காய் விழுந்து கிடக்கிறது, வெல்வெட் மாதிரி மயிரோடு, ஆட்டினால் உள்ளே கலகலவென்கிறது. கடல் தண்ணீர் பிடித்து வாளியில் போட்டிருக்கிறேன். இப்போதைக்கு மிதக்கிறது. அம்மாதான் வாளியைக் கேட்கிறார்.